சாரம் கட்டிய கட்டடத்தில் வாடகைக்குப் போகிறீர்களா?

கோலாலம்பூரில் வாடகை வீடு தேடும் நம்மவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஏஜெண்டுக்கு வாட்ஸ்அப் அனுப்பினால், சம்பளம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால் என்ன இனம் என்று கேட்பார். இந்தியன் என்று பதில் போட்ட அடுத்த நிமிடமே அந்த வீடு வேறு யாருக்கோ போய்விட்டிருக்கும். பச்சை வலை போர்த்திச் சாரம் கட்டிய கட்டடங்களில் மட்டும் அந்தக் கேள்வி அவ்வளவு அவசரமாக வருவதில்லை. மாதக்கணக்கில் காலியாகக் கிடக்கும் வீட்டுக்காரருக்கு வாடகை ஒழுங்காக வந்தால் போதும், யார் வந்தால் என்ன.

செந்தூலில் நான் இருக்கும் வீடு அப்படிக் கிடைத்ததுதான். நான் தனியார் மருத்துவமனையில் இரவு வேலை பார்க்கும் தாதி. வீட்டில் அம்மா, இடைநிலைப்பள்ளியில் படிவம் இரண்டு படிக்கும் மகன். சாரத்தை நான்கு மாதத்தில் கழற்றிவிடுவோம் என்று சொன்னார்கள். அதோடு இரண்டு தீபாவளி கொண்டாடினோம். அதற்காக இங்கே வந்ததில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. கையெழுத்துப் போடுவதற்கு முன்பே நிறைய விசாரித்து, வேண்டியதை எழுத்தில் வாங்கியிருந்தேன். சாரம் கட்டிய வீட்டைப் பொறுத்தவரை முக்கால்வாசி வேலை சாவி கைக்கு வருவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும்.

முதலில் கட்டடம், அப்புறம் வீடு

ஏஜெண்டு உங்களை நேரே லிஃப்டுக்கு அழைத்துப் போகப் பார்ப்பார். நில்லுங்கள். சாலைக்கு எதிர்ப்பக்கம் போய் நின்று கட்டடத்தை அண்ணாந்து பாருங்கள்.

வெறும் பெயின்ட் வேலை என்றால் உயரமான கட்டடங்களுக்குப் பெரும்பாலும் சாரமே கட்டமாட்டார்கள். மேலிருந்து தொங்கு மேடை இறக்கியோ, கயிற்றில் ஆள் இறங்கியோ அடித்துவிடுவார்கள். உங்கள் ஜன்னலை அவர்கள் கடந்துபோகச் சில நாள் ஆகும், அவ்வளவுதான். தரையிலிருந்து இரும்புக் குழாய் நட்டு, பலகை போட்டு, வலை கட்டியிருந்தால் வேலை பெரியது என்று பொருள். வெளிப்பூச்சைத் தட்டி எடுப்பது, பெயர்ந்த மொசைக் ஓடுகளைக் கழற்றுவது, கான்கிரீட்டுக்குள் இருக்கும் துருப்பிடித்த கம்பியைச் சுரண்டி மருந்து பூசி மறுபடி அடைப்பது என்று நீளும். நம் ஊரில் காலையில் வெயில் காய்ச்சும், மாலையில் மழை கொட்டும். சுவரில் மயிரிழை வெடிப்பு விட்டால் போதும், தண்ணீர் உள்ளே இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு ஏறிய கம்பி பருக்கும். பருத்தால் மேலே இருக்கும் கான்கிரீட்டை வெளியே தள்ளும். பழைய ஃபிளாட்டுகளில் பால்கனியின் அடிப்பக்கத்தைப் பார்த்தால் பழுப்பு நிறக் கம்பி எட்டிப் பார்ப்பது தெரியும்.

சுவரில் சிவப்பு அல்லது மஞ்சள் பெயின்டில் வட்டமும் கட்டமும் போட்டிருக்கிறார்களா என்றும் கவனியுங்கள். சாரத்தில் ஏறிய ஆள் சின்னச் சுத்தியலால் சுவர் முழுக்கத் தட்டிக்கொண்டே போவார். உறுதியான இடத்தில் 'டங்' என்று கேட்கும். உள்ளே பூச்சு விட்டுப்போன இடத்தில் 'தொப்' என்று கேட்கும். அந்த இடங்களைத்தான் குறி போட்டு வைக்கிறார்கள். இதில் ஒரு சங்கதி இருக்கிறது. விலை பேசும்போது தரையில் நின்று பார்த்துக் குத்துமதிப்பாகக் கணக்குப் போடுகிறார்கள். சாரம் கட்டி மேலே போய்த் தட்டினால்தான் உண்மையான அளவு தெரிகிறது. அது சொன்ன அளவைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். கூடுதல் வேலைக்குக் கூடுதல் பணம் வேண்டும், அதற்குக் கூட்டம் போட வேண்டும். நான்கு மாதம் பதினெட்டு மாதம் ஆவது பெரும்பாலும் இப்படித்தான். ஆகவே குறி புதிதாக இருந்து, பக்கத்தில் தட்டி எடுத்த சுவர் எதுவும் இல்லையென்றால் வேலை இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. ஏஜெண்டு 'முடியப்போகிறது' என்றால் சிரித்துவிட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் சாரத்தில் ஆள் இருக்கிறார்களா? வார நாள், காலை பத்து மணி, மழை இல்லை, ஆனாலும் ஒரு ஆளைக்கூடக் காணோம், வலை கிழிந்து தொங்குகிறது, குழாய் இணைப்புகளில் துரு ஏறியிருக்கிறது என்றால் வேலை நின்றுபோன சாரம் அது. வேலை நடக்கும் சாரத்தைவிட எனக்கு அதுதான் பயம். சத்தம் இருக்காதுதான். ஆனால் அது எப்போது கீழே இறங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஏன் இப்போது எல்லாக் கட்டடத்துக்கும் சாரம் என்று அம்மா கேட்டுக்கொண்டே இருப்பார். கட்டடங்களுக்கு வயதாகிவிட்டது என்பது ஒன்று. இன்னொன்று, 1974-ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம். அதன் 85ஏ பிரிவின்படி, ஐந்து மாடிக்கு மேற்பட்ட கட்டடத்தைப் பத்தாம் ஆண்டுக்குப் பிறகும், அதன் பின் பத்து ஆண்டுக்குள் ஒரு முறையும் பொறியாளரைக் கொண்டு சோதிக்கச் சொல்லி ஊராட்சி மன்றம் நோட்டீஸ் கொடுக்கலாம். சோதித்தால் பழுது தெரியும், தெரிந்தால் சரிசெய்துதான் ஆக வேண்டும். இடியும்வரை சும்மா விட்ட கட்டடத்தைவிட சாரம் கட்டிய கட்டடம் மேல் என்பது என் கட்சி.

லிஃப்டு பக்கத்து நோட்டீஸ் பலகை

வீடு பார்க்கப் போகும் யாரும் இதைப் படிப்பதில்லை. நான் படம் எடுத்துக்கொண்டே வந்துவிடுவேன்.

வெளிச்சுவர் பொதுச் சொத்து. அதன் செலவை ஜேஎம்பி அல்லது எம்சி என்ற நிர்வாக அமைப்பு பார்க்க வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டின் ஸ்ட்ராட்டா, அதாவது அடுக்குமாடி வீடுகளுக்கான, நிர்வாகச் சட்டம். உரிமையாளர்கள் மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம் கட்டுகிறார்கள் அல்லவா, அதோடு சேர்த்து, பொதுவாக அதில் பத்து விழுக்காடு, சிங்கிங் ஃபண்டு என்று தனியாகப் போகும். மறுபடி பெயின்ட் அடிப்பது, பெரிய பழுது பார்ப்பது எல்லாம் அந்தப் பணத்தில்தான். அந்த நிதியில் போதிய பணம் இருந்தால் வேலை ஓடும். இல்லையென்றால் உரிமையாளர்களிடம் தனியாக வசூல் செய்வார்கள். வசூல் என்றாலே பாதிப் பேர் கட்டமாட்டார்கள். பணம் வராததால், வேலையை எடுத்துச் செய்யும் குத்தகையாளர் ஆட்களை வேறு இடத்துக்கு அனுப்பிவிடுவார். சாரம் மட்டும் நிற்கும்.

அதனால் நிர்வாக அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் மிஸ்ஸிடம் நான் கேட்ட முதல் கேள்வி, 'இந்த வேலைக்குப் பணம் சிங்கிங் ஃபண்டா, தனி வசூலா?' அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். வாடகைக்காரர் யாரும் அப்படிக் கேட்டதில்லை போலிருக்கிறது. ஆனால் பதில் சொன்னார். பாதி ஃபண்டு, பாதி வசூல்.

அடுத்து பலகையில் பாக்கிதாரர் பட்டியல் ஒட்டியிருக்கும். கட்டணம் கட்டாத யூனிட் எண்களை அப்படி ஒட்ட நிர்வாகத்துக்கு அனுமதி உண்டு. பாக்கிதாரரின் நுழைவு அட்டையை முடக்கவும் அனுமதி உண்டு. உங்களுக்குக் காட்டும் வீட்டின் எண் அந்தப் பட்டியலில் இருந்தால், நீங்கள் வாடகை ஒழுங்காகக் கட்டியும் கேட்டில் அட்டை வேலை செய்யாமல் நிற்கப் போவது நீங்கள்தான். இரவு வேலை முடிந்து விடியற்காலையில் வரும் எனக்கு அது எவ்வளவு பெரிய தலைவலி என்று யோசித்துப் பாருங்கள். சாதாரணக் காலத்தைவிட முகப்பு வேலைக்காகத் தனி வசூல் நடக்கும்போதுதான் இந்தப் பட்டியல் நீளும். என்னோடு வேலை பார்க்கும் ஒருத்தி இதைக் கவனிக்காமல் பத்துமலை பக்கம் ஒரு வீட்டுக்குப் போய், காவலாளிகளிடம் தினமும் பெயர் எழுதிக் கொடுத்துத்தான் உள்ளே போய்க்கொண்டிருந்தாள்.

காவலாளி கூண்டில் இருக்கும் ஆளிடமும் இரண்டு வார்த்தை பேசுங்கள். ஏஜெண்டு மறைப்பதை அவர் சொல்லிவிடுவார். எத்தனை மணிக்குத் தட்ட ஆரம்பிக்கிறார்கள், சனிக்கிழமை உண்டா, எந்தப் பக்கம் முடிந்தது, எந்தப் பக்கம் பாக்கி. எங்கள் கட்டடத்தில் மேற்குப் பக்கத்தை முடித்துவிட்டுக் கிழக்குக்கு வந்துகொண்டிருந்தார்கள். ஏஜெண்டு காட்டியது கிழக்குப் பக்க வீடு. அதே மாடியில் மேற்குப் பக்கமும் ஒரு வீடு காலியாக இருந்தது, ஆனால் அதற்கு வாடகை குறைக்க மறுத்துவிட்டார்கள். சரி, கிழக்கே போவோம் என்று நான் முடிவெடுத்தது விலை பேச முடிந்ததால்தான்.

எழுத்தில் வாங்க வேண்டியவை

இங்கேதான் நிதானம் வேண்டும். மலேசியாவில் குடியிருப்பு வாடகைக்கென்று தனிச் சட்டம் இன்னும் வரவில்லை. பல ஆண்டுகளாகப் பேச்சு மட்டும் நடக்கிறது. உங்களுக்கும் வீட்டுக்காரருக்கும் இடையே இருப்பது அந்த அக்ரிமென்ட் ஒன்றுதான். நிர்வாகத்துக்கு நீங்கள் யாரோ. கூட்டத்தில் கை தூக்க முடியாது, ஓட்டுப் போட முடியாது. ஸ்ட்ராட்டா தீர்ப்பாயத்துக்கு உரிமையாளர் நேராகப் போகலாம், வாடகைக்காரர் போவதென்றால் தீர்ப்பாயத்தின் அனுமதி கேட்க வேண்டும். சத்தம், தூசி, ஒழுகல் எதுவானாலும் உங்கள் புகார் வீட்டுக்காரர் வழியாகத்தான் மேலே போகும். ஆகவே அவரைக் கட்டிப்போடும் வாசகங்கள் அக்ரிமென்டில் இருக்க வேண்டும்.

எங்கள் வீட்டுக்காரர் பினாங்கில் இருக்கும் ஓய்வுபெற்ற சீன ஆசிரியை. ஆண்ட்டி என்றுதான் கூப்பிடுவேன். 1,600 வெள்ளி (ரிங்கிட்) கேட்டார். 'ஆண்ட்டி, பால்கனியும் இல்லை, வெளிச்சமும் இல்லை, துணி காயப்போட இடமும் இல்லை. மூன்று அறைக்கு வாடகை கேட்கிறீர்கள், நான் இரண்டில்தான் இருக்கப் போகிறேன்' என்றேன். 1,350-க்கு வந்தது. குறைத்ததைவிட, எதுவரை குறைப்பு என்பதை எழுதியதுதான் என்னைக் காப்பாற்றியது. 'பழுதுபார்ப்பு முடியும்வரை' என்று ஏஜெண்டு எழுதிக்கொண்டு வந்தார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. வேலை முடிந்தது என்று பொறியாளர் ஒரு தேதி சொல்வார், நிர்வாகம் இன்னொன்று சொல்லும், சாரமோ நின்றுகொண்டே இருக்கும். 'இந்த வீட்டின் ஜன்னல்களுக்கும் பால்கனிக்கும் எதிரே உள்ள சாரமும் வலையும் முழுதாகக் கழற்றப்படும் நாள்வரை' என்று மாற்றச் சொன்னேன். கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடிய நாள் அது. யாரும் வாதாட முடியாது.

இரண்டாவது, வெளியேறும் வழி. நமக்கு வழக்கம், வாடகைக் காலத்துக்கு முன்பே காலி செய்தால் இரண்டு மாத டெபாசிட் போய்விடும். 'குறிப்பிட்ட தேதிக்குப் பிறகும் சாரம் இருந்தால், ஒரு மாத நோட்டீஸ் கொடுத்து டெபாசிட் இழக்காமல் வெளியேறலாம்' என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். ஆண்ட்டி தயங்கினார். நிர்வாகம் சொன்ன தேதியில் முடிந்துவிடும் என்று நீங்களே சொல்கிறீர்களே, அப்படியானால் இந்த வரியால் உங்களுக்கு என்ன நட்டம் என்று கேட்டதும் ஒப்புக்கொண்டார். இந்த வாதத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், காப்புரிமை ஏதும் இல்லை.

மூன்றாவது, செலவு யாருடையது. ஏர்கோனின் வெளிப்பெட்டி சுவரில் மாட்டியிருந்தால், வேலைக்காக அதைக் கழற்றி மறுபடி மாட்ட வேண்டி வரும், கேஸ் நிரப்ப வேண்டி வரும். ஆஸ்ட்ரோ டிவி தட்டும் அப்படித்தான். சீரியல் நேரத்தில் படம் வராமல் போனால் என் அம்மாவிடம் யார் பேச்சு வாங்குவது? இரண்டும் வீட்டுக்காரர் செலவு என்று எழுதிவிடுங்கள். ஜன்னல் ஓரம் ஒழுகிக் கட்டிலோ அலமாரியோ கெட்டால் அதற்கும் ஒரு வரி.

நான்காவது சின்ன விஷயம்தான், ஆனால் தினமும் உதவும். நிர்வாகம் உரிமையாளருக்கு அனுப்பும் எந்த நோட்டீஸையும் அதே நாளில் வாட்ஸ்அப்பில் உங்களுக்கு அனுப்ப வேண்டும்.

ஐந்தாவதைக் கடைசியில் சொல்கிறேன்.

எல்லாம் பேசி முடித்ததும் ஸ்டாம்ப் அடிக்க மறக்காதீர்கள். உள்நாட்டு வருமான வரி வாரியத்தில் முத்திரைத்தீர்வை கட்டாத அக்ரிமென்டை நீதிமன்றத்தில் ஆதாரமாக ஏற்கமாட்டார்கள். ஓராண்டு அக்ரிமென்டுக்கு, ஆண்டு வாடகையில் ஒவ்வொரு 250 வெள்ளிக்கும் 1 வெள்ளி. முதல் 2,400 வெள்ளிக்கு முன்பு இருந்த விலக்கு 2025-லிருந்து இல்லை. 1,350 வெள்ளி வாடகைக்கு 65 வெள்ளி வரும். அதை மிச்சம் பிடிப்பதில் அர்த்தமே இல்லை. டெபாசிட்டைத் திருப்பித் தராமல் இழுத்தடித்தால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு உரிமைக் கோரிக்கை என்று ஒன்று இருக்கிறது. 5,000 வெள்ளிவரை வழக்கறிஞர் இல்லாமலே நீங்களே போடலாம். அதற்கும் இந்தக் காகிதம்தான் வேண்டும்.

சாவி வாங்கிய நாளில் வீடு முழுக்கப் படம் எடுங்கள். ஜன்னல் சட்டத்தின் நான்கு மூலை, உட்கூரை, பால்கனிக் கதவின் அடிக்கட்டை, ஏற்கெனவே இருக்கும் மஞ்சள் கறை. எடுத்த படங்களை அன்றே வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். அனுப்பிய தேதி அதிலேயே இருக்கும்.

குடிபோன பிறகு

ஜன்னலில் ஆரம்பியுங்கள். சாரம் என்பது உங்கள் படுக்கை அறைவரை போட்டிருக்கும் ஏணி. பழைய ஃபிளாட்டுகளில் நாக்கோ கண்ணாடி ஜன்னல்தான் இருக்கும். அந்தக் கண்ணாடிப் பட்டைகளை வெளியிலிருந்தே ஒவ்வொன்றாக உருவி எடுத்துவிடலாம். கிரில் இல்லாத நாக்கோ ஜன்னல் சாரத்தைப் பார்த்தபடி இருந்தால், கிரில் போட்டுத் தரும்வரை குடிபோகாதீர்கள். மாடி உயரம் என்று கிரில் போடாமல் விட்டவர்கள் நிறைய. சாரம் கட்டிய பின் ஒன்பதாம் மாடியும் தரை மாடியும் ஒன்றுதான். நகையை வீட்டில் வைக்காதீர்கள் என்று நான் சொல்ல வேண்டுமா?

தூசி. பெயின்ட் தூசி அல்ல, கான்கிரீட் தூசி. அதில் சிலிக்கா இருக்கிறது, நுரையீரலுக்கு ஆகாது. துடைப்பத்தால் கூட்டினால் மேலே கிளம்பி மறுபடி அலமாரியில் உட்காரும். ஈரத் துணியால்தான் துடைக்க வேண்டும். நாக்கோ பட்டைகளுக்கு இடையே தூசி புகுவதை யாராலும் தடுக்க முடியாது, பட்டையை எவ்வளவு இறுக்கி மூடினாலும் சரி. தட்டும் நாட்களில் ஜன்னல் முழுவதையும் உள்பக்கம் பிளாஸ்டிக் தாளால் மூடி, நான்கு ஓரமும் மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுகிறோம். மிஸ்டர் டிஐஒய் கடையில் பெயின்ட் அடிப்பவர்கள் தரையில் விரிக்கும் தாள் கிடைக்கும், மெல்லியது, அது போதும். சமையலறை ஜன்னலை மட்டும் மூடாதீர்கள், கேஸ் அடுப்பு எரியும் இடத்தில் காற்று வேண்டும். அந்தப் பக்கம் தட்டும் நேரத்தில் சமையலை முன்னே பின்னே தள்ளிவைப்பதுதான் வழி.

ஏர்கோன் வடிகட்டியை இரண்டு வாரத்துக்கு ஒரு முறையாவது கழுவுங்கள். வெளிப்பெட்டியைத் தூசி படாமல் வேலைக்காரர்கள் தாள் போட்டுச் சுற்றியிருப்பார்கள். சுற்றியிருக்கும்போது ஏர்கோனைப் போட்டுவிடாதீர்கள். சூடு வெளியே போக வழியில்லாமல் கம்ப்ரஸர் கெட்டுவிடும், அந்தச் செலவை யாரும் ஏற்கமாட்டார்கள். எங்கள் வீட்டில் ஏர்கோன் ரிமோட்டை அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்தேன். மகன் கையில் கிடைத்தால் போட்டுவிடுவான்.

சத்தத்துக்கு வருவோம். பகலில் தூங்குகிற என் போன்றவர்களுக்கு இதுதான் உயிர் போகிற விஷயம். ஜன்னலுக்கு மூன்றடி தூரத்தில் சுவரை இயந்திரத்தால் இடிக்கும்போது காதில் பஞ்சு வைத்தெல்லாம் பலனில்லை. சுவர் வழியாகக் கட்டிலுக்கே அதிர்வு வரும். முதல் வேலையாகக் கட்டிலை வெளிச்சுவரிலிருந்து தள்ளி, நடைபாதைப் பக்கம் இருக்கும் அறைக்கு மாற்றினேன். அடுத்து சூப்பர்வைசரைப் பிடித்தேன். அலுவலகத்தில் கேட்டால் 'வேலை நேரம் ஒன்பதிலிருந்து ஐந்து' என்று நோட்டீஸைக் காட்டுவார்கள். அது எனக்கு எதற்கு? நாளைக்கு எந்தச் சுவர் என்பதுதான் தெரிய வேண்டும். அதைச் சாரத்தில் நிற்கும் ஆள்தான் சொல்ல முடியும். 'பாங், எசோக் ஹேக் செபெலா மானா?' (அண்ணே, நாளைக்கு எந்தப் பக்கம் இடிப்பீர்கள்?) என்று மலாயில் கேட்டால் போதும், கையை நீட்டிக் காட்டிவிடுவார். எங்கள் பக்கம் வேலை பார்த்தவர்கள் வங்காளதேசத்துப் பையன்கள். தலைக்கு மேலே வெயில், தண்ணீர் குடிக்கப் பத்து மாடி இறங்க வேண்டும். அம்மா ஜன்னல் வழியாகக் குளிர்ந்த தண்ணீர் பாட்டில் கொடுத்தார். அதன் பிறகு எங்கள் சுவரைத் தட்டும் நாளை முதல்நாள் மாலையே அவர்களாக வந்து சொல்லிவிடுவார்கள். அந்த நாட்களில் வேலை முடிந்து நேராக அக்கா வீட்டுக்குப் போய்த் தூங்குவேன். மகனுக்குப் பரீட்சை வாரம் என்றால் அவனுக்கும் இதே கதைதான். பள்ளி முடிந்து நூலகம், ஐந்து மணிக்கு மேல் வீடு.

அவர்கள் நல்லவர்கள் என்பதற்காகத் திரையைத் திறந்து வைக்க முடியாது. பகலிலும் மெல்லிய திரையொன்று எப்போதும் இருக்கட்டும். குளியலறை ஜன்னலுக்கு மங்கல் கண்ணாடி ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள்.

மழை. ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் கோலாலம்பூரின் மாலை மழை எப்படி இருக்கும் என்று தெரியும். சுவர்ப்பூச்சைத் தட்டி எடுத்து, ஜன்னல் ஓரத்துச் சிலிக்கானையும் பிய்த்துவிட்டு, ஐந்து மணிக்கு ஆட்கள் போனதும் ஆறு மணிக்கு மழை கொட்டினால் தண்ணீர் நேரே உள்ளேதான் வரும். பழைய துண்டுகளை எறியாதீர்கள். பூச்சு இல்லாத சுவரின் உள்பக்கம் ஒட்டினாற்போல் அலமாரியோ மெத்தையோ வேண்டாம், ஒரு சாண் இடைவெளி விடுங்கள். பிளக் பாயின்ட் ஈரமாகத் தெரிந்தால் அதைத் தொடாமல், மெயின் பலகையில் அந்தப் பக்கத்து சுவிட்சை அணைத்துவிட்டு வீட்டுக்காரரைக் கூப்பிடுங்கள். உட்கூரையில் ஈரம் தெரிந்தால் அது வேறு கணக்கு, மேல்வீட்டிலிருந்தும் வரலாம். அப்படிப்பட்ட புகார் எழுத்தில் வந்தால் நிர்வாகம் ஏழு நாளுக்குள் வந்து சோதிக்க வேண்டும் என்று 2015-ஆம் ஆண்டின் ஸ்ட்ராட்டா விதிமுறைகள் சொல்கின்றன. இதை ஆண்ட்டிக்கு நான்தான் சொன்னேன். அவர் மின்னஞ்சலில் அந்த ஏழு நாளைக் குறிப்பிட்டதும் அலுவலகம் சுறுசுறுப்பாகிவிட்டது.

மழை நின்ற பிறகு வெளியே எட்டிப் பாருங்கள். சாரத்தின் பலகை மேல் கிடக்கும் பெயின்ட் வாளி, தொய்ந்த கேன்வாஸ், மூடி போடாத குழாய் முனை எல்லாவற்றிலும் தண்ணீர் நிற்கும். ஏடிஸ் கொசுவுக்கு அது போதும், ஒரு வாரத்தில் பெருகிவிடும். டெங்கி நோயாளிகளைத் தினமும் பார்க்கிறவள் நான், இதில் மட்டும் பொறுமை கிடையாது. படம் எடுத்து, நிர்வாகத்துக்கும் வீட்டுக்காரருக்கும் ஒரே நேரத்தில் அனுப்புவேன். இரண்டு நாளில் துடைக்கவில்லையென்றால் மாநகர் மன்றமான டிபிகேஎல்லுக்குப் புகார். கட்டுமான இடத்தில் கொசு வளர விட்டால் அபராதம் உண்டு என்பது குத்தகையாளருக்கு நன்றாகத் தெரியும். கீழே இறங்கிப் போய்ச் சண்டை போடுவதைவிட ஒரு படம் வேகமாக வேலை செய்கிறது.

துணி, செடி, கார் மூன்றையும் ஒரே பத்தியில் முடித்துவிடுகிறேன். துணியை மின்விசிறிக்கு அடியில் மடக்குக் கொடியில் காயப்போடுங்கள், அல்லது வாரம் ஒரு முறை டோபி கடை டிரையருக்குக் கொண்டுபோங்கள், அந்தச் செலவையும் வாடகை பேசும்போது கணக்கில் சேருங்கள். அம்மாவின் துளசி வலைக்குள் வெளிச்சம் இல்லாமல் வதங்கத் தொடங்கியதும், நடைபாதைக் கோடியில் வெயில் படும் இடத்துக்கு மாற்றினோம். பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா தன் கறிவேப்பிலைக்கும் அங்கேதான் இடம் பார்த்து வைத்திருந்தார். காரைச் சாரத்துக்கு அடியில் நிறுத்தாதீர்கள், உங்கள் கட்டம் அங்கேயே இருந்தாலும். தற்காலிகக் கட்டம் கேட்டு வாங்குங்கள். சிமென்ட் துளி காய்ந்தால் காரின் பெயின்டோடுதான் வரும்.

சாரம் இறங்கும்போது

கழற்றும் நாட்களில் வீட்டில் இருங்கள், அல்லது யாரையாவது இருக்கச் சொல்லுங்கள். சாரத்தைச் சுவரோடு பிணைக்கத் துளை போட்டிருப்பார்கள். அந்தத் துளைகளை அடைத்துப் பெயின்ட் அடித்தார்களா என்று சாரம் இருக்கும்போதே பார்த்தால்தான் உண்டு. இறங்கிய பின் ஒன்பதாம் மாடித் துளைக்கு மறுபடி யார் வருவார்கள்? கண்ணாடியில் தெறித்த பெயின்ட், கிரில்லில் விழுந்த சிமென்ட், ஜன்னல் ஓரத்துப் புதுச் சிலிக்கான் எல்லாவற்றையும் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்புங்கள். ஜன்னல் மேல் வாளியால் தண்ணீர் ஊற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். மழைக்காகக் காத்திருக்க வேண்டாம்.

இப்போது ஐந்தாவது வரிக்கு வருகிறேன். சாரம் போனதும் கட்டடம் புதுப் பெயின்டில் பளபளக்கும். தூசியைத் தின்றது நீங்கள், பளபளப்புக்கு வாடகை ஏற்றுவது வீட்டுக்காரர். அக்ரிமென்ட் முடிகிற மாதம் பார்த்து ஏஜெண்டு அன்பாக அழைப்பார், மார்க்கெட் விலை என்பார். அதனால் முதல் நாளே, 'வாடகைக் காலம் முடிந்ததும் மேலும் இரண்டு ஆண்டுக்குப் புதுப்பிக்கும் உரிமை வாடகைக்காரருக்கு உண்டு, அப்போது வாடகை இவ்வளவு' என்று தொகையோடு எழுதி வாங்குங்கள். 'அப்போதைய சந்தை விலைப்படி' என்று எழுத விடாதீர்கள், அது ஒன்றும் எழுதாததற்குச் சமம். எங்களுடையதில் 1,550 என்று இருக்கிறது. வலை இறங்கிய மாதம் ஏஜெண்டு 1,800 கேட்டு வாட்ஸ்அப் அனுப்பினார். அக்ரிமென்டின் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து ஆண்ட்டிக்கு அனுப்பினேன். அவர் ஏஜெண்டைக் கூப்பிட்டு என்ன சொன்னாரோ தெரியாது, புதுப்பிக்கும் காகிதம் 1,550-க்குத்தான் வந்தது. அதற்கும் ஸ்டாம்ப் அடித்துவிட்டேன்.